சரளைப்பாதையில் ஒரு சமையலறை நாற்காலி

1.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக்கூடாது.

கர்லூ முனை சிட்னிக்கு வடக்கே ஒரு கடலோர ஊர். இரவு ஷிப்டு முடிந்து அங்கே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டின் சரளைப்பாதை நடுவே ஒரு சமையலறை நாற்காலி நின்றது. மஞ்சள் ரெக்சின் உறை. உறை கிழிந்த இடத்தில் கறுப்பு டேப். நாற்காலியின் கால்களுக்கு நடுவே ஒரு சாம்பல்பச்சைச் செடி, செடியில் ஒரு வெள்ளைப் பூ. தொட்டால் துணி மாதிரி இருக்கும் என்று பார்த்தாலே தெரிகிற பூ. அந்த வீட்டுக்காரரின் கார் உள்ளே போகாமல் தெருவில் நின்றது.

அவ்வளவுதான். நின்று பார்த்தேன், தூக்கம் வந்தது, போய்விட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். உண்மை தெரிந்த பிறகு கதை எழுதுவது வெட்டி வேலை.

ஆகவே இனி வருவது எல்லாம் என் கைச்சரக்கு. நாற்காலிக்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

2.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: "மணற்பாறைகளின் மேல் கடற்காற்று தவழும் அந்தப் புதர்வெளியில், காலம் தன் வெள்ளைக் கனவை —"

[கனவு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் புதர்வெளியில் நான் நடந்திருக்கிறேன். முள் குத்தும், உண்ணி ஏறும். கனவெல்லாம் அங்கே யாருக்கும் வராது.]

இரண்டாவது: "ஃபிளானல்பூ, கேரட் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி, இதழ் போலத் தெரிவது உண்மையில் இதழ் அல்ல, மயிர் போர்த்திய —"

[பாடப்புத்தகம். ஆனால் தகவல் சரிதான். கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் இந்தச் செடி பங்காளி முறை. ரசத்தில் போட முடியாத பங்காளி.]

மூன்றாவது: "நோலீன் டிராஸ்க் இன்னொரு ஃபிளானல்பூச் செடியைக் கொன்ற அன்று அவள் புருஷன் டெஸ் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

3.

நோலீன் அறுபதைத் தாண்டியவள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது கர்லூ முனையின் தொண்டர் தீயணைப்புப் படைக்குக் கேப்டன். ஊரில் எங்கே புகை வந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அணைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. அதனால்தான் அந்தப் பதவியை விட அவளுக்கு மனம் வரவில்லை. சம்பளம் வாங்கிச் செய்த வேலையில் அவளை யாரும் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை.

[முதல் வரைவில் அவளைத் தாவரவியல் பேராசிரியையாக வைத்திருந்தேன். பேராசிரியைக்குச் செடி செத்தால் ஒரு ஆய்வுக்கட்டுரை கிடைக்கும். எனக்குச் செடி செத்தால் கோபம் வருகிற ஆள் தேவைப்பட்டது.]

செடி செத்த அன்று டெஸ் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தான். அங்கே மேஜையைச் சுற்றி மஞ்சள் நாற்காலிகள். அவன் எப்போதும் உட்காரும் நாற்காலியின் உறை அவன் பாரத்திலேயே கிழிந்தது. கறுப்பு டேப் ஒட்டியதும் அவன்தான். [ஆமாம், அதே நாற்காலி. நான் ஒளித்து வைக்கவில்லை.]

"போயிடுச்சா?" என்றான்.

"போயிடுச்சு."

"என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பாத்தா தலையைத் தொங்கப் போட்டுருச்சு."

"போன தடவை தண்ணி ஊத்திக் கொன்ன."

"அது அதுக்கு முந்தி."

"சரி, போன தடவை தண்ணி ஊத்தாம கொன்ன." ரொட்டியைக் கடித்தான். "நோலீன், அந்த மணல்மேட்டை எனக்குக் குடுத்துடு. சிமென்ட் தளம் போட்டு, ஊர் சுத்தற கேரவன் வண்டியை நிறுத்திக்கறேன். புல்லு மேல நின்னு நின்னு டயர் பாதி புதைஞ்சு கெடக்கு."

"அது ஃபிளானல்பூவுக்குன்னு கொட்டின மணல்."

"எந்த ஃபிளானல்பூவுக்கு?"

நியாயமான கேள்வி. பின்கட்டில் இருந்த அந்த மேடு முழுக்க நோலீன் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த மணல். சரளை கலந்து, சரிவு பார்த்து, தண்ணீர் தேங்காமல் அமைத்தது. வீட்டில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே இடம். அதில் இதுவரை பூத்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனையின் எச்சம்தான்.

"ஒரு பேச்சு வெச்சுக்கலாம்," என்றான் டெஸ். "அக்டோபர்ல உங்க செடிச் சங்கத்துக் கண்காட்சி வருதில்ல. அதுக்குள்ள நீ போட்ட வெதையில ஒரே ஒரு பூ பூக்கட்டும். அப்புறம் சிமென்ட் பேச்சே கெடையாது. பூக்கலைன்னா கண்காட்சிக்கு முந்தின நாள் கலவை லாரி வாசல்ல நிக்கும்."

"கையக் குடு."

கொடுத்தான். கையில் வெஜிமைட். பேச்சு உறுதியானது.

4.

ஃபிளானல்பூ வளர்ப்பது எப்படி என்று இங்கே ஒரு பத்தி வரவேண்டும்.

வளர்க்கக்கூடாது. அதுதான் முறை. உரம் போட்டால் சாகும். நிழலில் வைத்தால் சாகும். தண்ணீர் ஒரு நாள் கூடுதலாக நின்றால் சாகும். தொட்டியிலிருந்து மாற்றும்போது வேரில் ஒரு நூல் அறுந்தால் சாகும். எல்லாம் சரியாகச் செய்தால், கொஞ்ச நாள் இருந்துவிட்டு, காரணம் சொல்லாமல் சாகும். ஆனால் புதர்வெளியில் காட்டுத்தீ வந்து எல்லாம் கரியாகிப்போன மறுவருடம், யாரும் கூப்பிடாமல், பாறை இடுக்கிலெல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து நின்று சிரிக்கும்.

செடிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தக் கண்காட்சியில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு ஜாம் பாட்டில், பாட்டில் முன்னால் பூவின் பெயரும் வளர்த்தவர் பெயரும் எழுதிய அட்டை. யாரும் கொண்டுவராத பூவுக்கும் பாட்டில் வைத்துவிடுவார்கள். காலியாக. பல வருடமாக ஃபிளானல்பூவின் பாட்டில் காலியாகவே நிற்கிறது. எல்லோரும் லாமிங்டன் கேக் தின்றுகொண்டே அதன் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள், சாவு வீட்டில் நிற்பது போல.

அந்தப் பாட்டிலை வைப்பவர் சங்கத் தலைவர் லயனல் பர்விஸ். நோலீனின் பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் தலைமையாசிரியர். அவருடைய சரளைப்பாதையில் ஒரு புல் முளைத்தால், அது முளைத்தது புல்லுக்குத் தெரிவதற்குள் மருந்து அடித்துவிடுவார். நோலீனின் பின்கட்டுக்கு வண்டி போக அந்தப் பாதையையும் அதன் கோடியில் இருக்கும் வேலிக் கதவையும் விட்டால் வேறு வழி இல்லை. கலவை லாரி வந்தால் வழிவிடுவதாக டெஸ்ஸிடம் ஒரு பெட்டி பீருக்குச் சம்மதித்தும் இருந்தார்.

வேலி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த வருஷமும் பாட்டில் காலிதானா, நோலீன்?"

"உங்க பாட்டிலும்தான் காலி."

"நான் முயற்சியே பண்றதில்லயே. முயற்சி பண்ணித் தோக்கறது வேற, மதிச்சு விலகி நிக்கறது வேற."

"விலகி நிக்கறதுக்கு எங்க வீட்ல சோம்பேறித்தனம்னு சொல்லுவாங்க."

"வெதைக்குப் புகை காட்டினீங்களா?"

"கடையில விக்கிற புகைத்தண்ணி ஊத்தினேன்."

"பாட்டில்ல அடைச்ச புகை." லயனல் கண்ணை மூடித் திறந்தார். "அது தீயைப் பாத்த வம்சம், நோலீன். ஏமாத்த முடியாது. நெஜப் புகை வேணும். இலை எரிஞ்சு வர்ற புகை." பிறகு சிரிக்காமல் சேர்த்தார்: "ஆனா நீங்க கேப்டனாச்சே. உங்களைக் கண்டா புகையே ஓடிப்போயிடும்."

[இவர்கள் பேசுவது ஆங்கிலம். ஆங்கிலத்தில் 'நீ'யும் கிடையாது 'நீங்க'வும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் மட்டம் தட்டும்போது மரியாதை கூடும் என்பது என் அனுபவம். அதனால் 'நீங்க'.]

5.

மார்ச் மாதம். அந்தப் பக்கம் அப்போதுதான் வெயில் காலம் முடியும். முடிந்தது என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், டெஸ் பின்கட்டில் பாதி டிரம்மில் கரி போட்டு சாசேஜ் சுட்டான். தின்று முடித்துவிட்டுத் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்க உள்ளே போனான். டிரம்மில் கங்கு மிச்சம் இருந்தது.

நோலீன் அந்தக் கங்கைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கக் கங்கைப் பார்த்தால் தண்ணீரைத் தேடுகிறவள். அன்று தைலமரத்து இலையைத் தேடினாள்.

காய்ந்ததும் பச்சையுமாக இரண்டு கை இலை போட்டு மூடியைச் சாத்தினாள். மூடியில் இருந்த ஓட்டையில் பழைய வாஷிங் மெஷின் குழாயைச் செருகினாள். மறுமுனையை டெஸ் மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் ஐஸ் பெட்டிக்குள் விட்டாள்.* பெட்டிக்குள் மணல் நிரப்பிய தட்டு. மணலில் விதை, பூனை முடி போலப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும் விதை. பெட்டிக்குள் புகை சுருண்டு நிறைவதைப் பார்த்து, மூடிவிட்டு, திருப்தியாகப் படுத்தாள். தானாக அணைந்துவிடும் என்று நினைத்தாள். அவள் பயிற்சி கொடுத்த எந்தத் தொண்டனாவது அப்படி நினைத்திருந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பாள்.

* அந்தப் பெட்டியில் அதற்குப் பிறகு வைத்த மீனெல்லாம் புகைவாசம் அடித்தது. டெஸ்ஸுக்கு அது பிடித்துப்போனது. இந்தத் தகவலால் கதைக்கு எந்தப் பயனும் இல்லை.

6.

காலையில் மேற்கிலிருந்து அனல்காற்று. முழு நெருப்புத் தடை அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு வெட்டவெளியில் தீக்குச்சி உரசினாலே குற்றம்.

ஊர் நுழைவில் அரைவட்டப் பலகை ஒன்று உண்டு. பச்சையிலிருந்து சிவப்பு வரை தீ அபாயத்தைக் காட்டும். அதன் முள்ளைக் கையால் திருப்புவது கேப்டனின் வேலை. நோலீன் ஏணியில் நின்று முள்ளைச் சிவப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். கீழே அவளுடைய துணைக் கேப்டன் ஷாரின் ஏணியைப் பிடித்திருந்தாள்.

"கேப்டன், ஏதோ வாசனை வருதில்ல?"

"இல்ல."

"தைல இலை எரியற வாசனை."

"உனக்கு மூக்கடைப்புன்னு சொன்னியே."

"அது போன வாரம்."

அலைபேசி கத்தியது. ஷாரின் படித்தாள். மறுபடி படித்தாள். "புகை. டிராஸ்க் வீடு. தகவல் குடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர்." தலையைத் தூக்கினாள். "கேப்டன், இது உங்க வீடு."

"என் வீடு எதுன்னு எனக்குத் தெரியும்."

ஒரு தீயணைப்பு வண்டியைத் தன் வீட்டுக்கே சைரன் போட்டு ஓட்டிப்போகும் அனுபவம் எல்லோருக்கும் கிடைக்காது. வழி சொல்ல ஆள் தேவைப்படவில்லை என்பது மட்டும் வசதி.

வேலியோரம் லயனல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். "பதறாதீங்க நோலீன். நான் பாத்துட்டேன்."

"ரொம்ப நன்றி, லயனல்."

டிரம்மின் மூடியைக் காற்று தூக்கி எறிந்திருந்தது. கங்கு கண் விழித்து, பொறி பறந்துகொண்டிருந்தது. ஷாரின் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "தொறக்கவா, கேப்டன்?"

ஐஸ் பெட்டி டிரம்முக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று சொல்லலாம். ஏன் என்று ஷாரின் கேட்பாள். தடை நாளில், இந்தக் காற்றில், புகை என்றால் முழுத் தண்ணீர் என்று ஷாரினுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நோலீன்தான்.

"தொற."

"சின்னதாவா, முழுசாவா?"

"முழுசா," என்றாள் நோலீன்.

டிரம் உருண்டது. ஐஸ் பெட்டி வாயைத் திறந்துகொண்டு படகு மாதிரி மிதந்து போனது. தட்டு கவிழ்ந்தது. மணல்மேட்டில் பாதி கரைந்து, சரிவில் இறங்கி, வேலிக்கு அடியில் நுழைந்து, லயனலின் பாதையில் பரவியது.

"என் சரளை," என்றார் லயனல்.

எல்லாம் அடங்கிய பிறகு ஷாரின் கேட்டாள்: "டெஸ் வேலையா?"

நோலீன் ஈரத் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "நேத்து சாயங்காலம் சாசேஜ் சுட்டாரு," என்றாள்.

[இந்த வாக்கியத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் எழுதிய வாக்கியங்களிலேயே பெரிய பொய் இதுதான்.]

7.

டெஸ் கடைத்தெருவிலிருந்து வந்தான். ஊரே அவனுக்குச் செய்தி சொன்னது.

"நான் அணைச்சேனே," என்றான்.

"அணைச்சியா?"

யோசித்தான். "அணைச்சேன்னுதான் நெனைக்கறேன்." இன்னும் யோசித்தான். "மேட்ச் ஆரம்பிச்சிருச்சு. சரியா ஞாபகமில்ல."

நோலீன் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கேப்டன் பதவி போகும். தடை நாளில் கங்கைப் புகைய விட்ட கேப்டனை எந்த ஊர் வைத்துக்கொள்ளும்?

ஊர் டெஸ்ஸை விடவில்லை. கிளப்பில் அவன் பீர் கேட்டால் முதலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்தார்கள். பேக்கரியில் கறி அடைத்த 'பை' வாங்கப்போனால், "சூடு பண்ணித் தரலாமா, இல்ல உன் பொண்டாட்டியைக் கேட்டுட்டுத் தரவா?" என்றார்கள். அவனும் சிரித்தான். முதல் மாதம் நிஜமாகவே சிரித்தான்.

மிச்சம் இருந்த மணலில் எதுவும் முளைக்கவில்லை. நோலீன் தினமும் மண்டியிட்டுப் பார்த்தாள். நானும் இந்த இடத்தில் நிறைய நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு விதை தப்பி மேட்டிலேயே ஒதுங்கியிருக்கலாமே என்று தோன்றியது. ஒரு வரி போதும். "ஆகஸ்ட் மாதத்து ஒரு விடியலில், மணலைப் பிளந்துகொண்டு —"

[வேண்டாம். முழுசா என்று சொன்னவள் அவள். தண்ணீருக்கு அந்த உத்தரவு புரிந்திருந்தது.]

8.

லயனலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. [நான்தான் பிடிக்கவைத்தேன். வேறு வழி இல்லை.] மருந்து டப்பாவைத் தூக்க முடியாமல் குளிர்காலம் முழுக்கப் பாதையைச் சும்மா விட்டார். முதுகு நிமிர்ந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தவர், சக்கரம் ஓடும் தடத்தில் குனிந்தவாறே நின்றுவிட்டார். முதுகு திரும்பப் பிடித்துக்கொண்டது என்றுதான் நோலீன் முதலில் நினைத்தாள்.

சாம்பல்பச்சையில் ஒரு செடி. வெட்டு வெட்டான இலை, மேலே மென்மயிர்.

அன்றிலிருந்து லயனலின் கார் தெருவில் நின்றது.

செப்டம்பரில் மொட்டு வந்தது. லயனல் வேலிக்கு வந்தார். "நான் ஒண்ணுமே பண்ணல, நோலீன்."

"நம்பறேன்."

"அதான் ரகசியமே. நீங்க பாசத்தைக் கொட்டிக் கொன்னீங்க. நான் கண்டுக்கவே இல்ல. அது தானா என்னைத் தேடி வந்துருச்சு."

வேலி இடுக்கில் நோலீன் பார்த்தாள். செடி நின்ற இடத்துக்கும் அவள் மேட்டுக்கும் நடுவே, வேலிக்கு அடியில், தண்ணீர் அரித்த தடம் இன்னும் இருந்தது. ஒரு தலைமையாசிரியருக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்பது என் கணிப்பு.

"ஒரு கிளை குடுங்க லயனல். நுனியில விரல் நீளம். மணல்ல சொருகி வேர் வரவெக்கறேன்."

"குடுத்தா கொன்னுடுவீங்க."

"என் —"

[நோலீன் இங்கே "என் செடி" என்று சொல்ல வந்தாள். நான்தான் வாயைப் பொத்தினேன். இன்னும் லாரி வரவில்லை.]

"என்ன?"

"என்னமோ போங்க," என்றாள்.

"கண்காட்சி முடியட்டும்," என்றார் லயனல். "அட்டை எழுதிட்டேன். என் பேரு நீளம், ரெண்டு வரி ஆயிடுச்சு."

9.

இந்த இடத்தில் முடிவுக்குச் சில யோசனைகள் வைத்திருந்தேன். உங்களிடம் காட்டுவதில் வெட்கமில்லை.

(அ) நோலீன் செடியைத் தோண்டி எடுத்துத் தன் மேட்டில் நடுகிறாள். வேர் அறுகிறது. செடி சாகிறது. கதை இரண்டு வரியில் முடிகிறது. செடி வளர்க்கிறவர்கள் யாரும் அதன்பிறகு என்னோடு பேசமாட்டார்கள்.

(ஆ) லயனல் திடீரென்று நல்லவராகி, "இது உங்களுடையது" என்று கண்கலங்குகிறார். தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

(இ) இன்னொரு காட்டுத்தீ வந்து

(இ) வேண்டாம். ஏற்கெனவே ஒரு டிரம்முக்கே இவ்வளவு பாடு.

10.

கண்காட்சிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பூ விரிந்திருந்தது. கலவை லாரி சொன்னபடி வந்தது, முதுகில் பெரிய டிரம் சுழல. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "யாருங்க டெஸ்? கலவை ரெடி. ரொம்ப நேரம் சுத்திக்கிட்டு நிக்க முடியாது, இறுகிடும்."

லயனல் பாதையின் குறுக்கே கையை விரித்து நின்றார். பைஜாமாவோடு.

"லயனல், நீங்க சம்மதிச்சீங்களே," என்றான் டெஸ். "பீர் குடிச்சீங்களே."

"சம்மதிச்சப்ப இங்க பூ இல்ல."

"ஒரு பூவுக்காக —"

"ஒரு பூ இல்ல, டெஸ். ஃபிளானல்பூ. நான் வளர்த்தது."

தெருவில் கூட்டம் சேர்ந்தது. ஷாரின் நாயோடு நடக்க வந்தவள் நின்றுவிட்டாள். யாரோ டெஸ்ஸைப் பார்த்து, "கரிக்கட்டை, பூவையும் கொளுத்திடாதே," என்றார்கள். இந்தத் தடவை டெஸ் சிரிக்கவில்லை.

அவன் லாரியைப் பார்த்தான். லயனலைப் பார்த்தான். தன் வீட்டின் ஓரம் ஒரு ஆள் மட்டும் நுழையும் சந்துவழியைப் பார்த்தான். "சரி. லாரி போகவேணாம். தள்ளுவண்டி போகும். தெருவுலயே கொட்டுங்க, நான் தள்ளிக்கறேன்."

"கேரவன் எப்படிப் போகும்?" என்றார் லயனல்.

"பூ வாடற வரைக்கும் கேரவன் காத்திருக்கும். கலவைதான் காத்திருக்காது." சட்டைக் கையை மடித்தான். "பேச்சுன்னா பேச்சு. நோலீன் போட்ட வெதையில பூ வரல. வந்துச்சா, நோலீன்?"

எல்லோரும் நோலீனைப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. வந்தது என்று சொன்னால் மணல்மேடு அவளுடையது. பூவும் அவளுடையது. நாளைக்கு அட்டையில் அவள் பெயர். ஆனால் விதை எப்படி வேலியைத் தாண்டியது என்று சொல்லவேண்டும். தண்ணீர் எதற்கு வந்தது, புகை யார் வைத்தது, இத்தனை மாதம் வாளித் தண்ணீர் யாருக்குப் போயிருக்கவேண்டும் என்று ஷாரின் முன்னால் சொல்லவேண்டும். டெஸ் முன்னால் சொல்லவேண்டும். அதுதான் கஷ்டம். வரவில்லை என்று சொன்னால் கேப்டனாகவே இருக்கலாம். தளத்தின் மேல் கேரவன் நிற்பதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே.

நோலீன் வீட்டுக்குள் போனாள்.

"பாத்தீங்களா," என்றான் டெஸ், தள்ளுவண்டியை நிமிர்த்திக்கொண்டு.

நோலீன் திரும்பி வந்தாள். கையில் ஒரு நாற்காலி. மஞ்சள் உறை, கறுப்பு டேப். நேராக லயனலின் பாதைக்குள் நடந்து, லயனலை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பூவுக்கு மேலே, நான்கு காலும் செடியைத் தொடாமல், வேர் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, நாற்காலியை ஊன்றினாள். அளந்து வைத்தது போல. அந்தச் செடியின் வேர் எவ்வளவு தூரம் போகும் என்று, அத்தனை செடி கொன்றவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

லயனல் முதலில் நாற்காலிக் கால்களைப் பார்த்தார். பிறகு வேலிக்கு அடியில் அரித்த தடத்தைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்கவில்லை.

டெஸ் தள்ளுவண்டியைக் கீழே விட்டான்.

"அது என் நாற்காலி," என்றான்.

"ஆமா."

"என் நாற்காலி எதுக்கு லயனல் பாதையில, அவரு பூ மேல?"

நோலீன் வாயைத் திறந்தாள்.

11.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கோபப்படாதீர்கள். முதலிலேயே சொன்னேன், எனக்குக் கிடைத்தது நாற்காலி மட்டும். லாரி அந்தப் பாதை வழியாகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பூ இருந்தது. நாற்காலியை யாரும் திரும்ப எடுத்துப்போகவில்லை என்பதும் தெரியும். அந்த வீட்டில் டெஸ் எதன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றான் என்பது தெரியாது. மன்னித்துவிட்டு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கோபத்தில் கேரவனில் உட்கார்ந்திருக்கலாம். ஊர் நுழைவில் முள்ளைத் திருப்புகிறவள் இப்போது யார் என்றும் நான் போய்ப் பார்க்கவில்லை.

பின்கட்டில் இருப்பது மணலா சிமென்டா என்று தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அன்று காலை எட்டிப் பார்த்தேன். தெருப்பக்க வேலி உயரம். எனக்கு உயரம் போதவில்லை.

நீங்கள் என்னைவிட உயரமாக இருக்கலாம். கால் நுனியில் நின்று பாருங்கள். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், டிரம் சுழல்கிறது, நோலீனின் வாய் திறந்தபடியே இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம். கலவை இறுகுகிறது.